பதிவேட்டில் ஏறாத சாட்சி

பிப்ரவரி 6, 2017, திங்கள்

இன்று காலையில் மட்டும் மூன்று முறை என் கைப்பை திருடுபோனது. முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கத்தினேன். மூன்றாம் முறை வாயே திறக்காமல் நின்றேன். அழுகைக்கும் கத்தலுக்கும் பயிற்சிக் காவலர்கள் தயாராக இருந்தார்கள். பேசாமல் நிற்கிற பெண்ணை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். பின்வரிசையில் சிரிப்பு.

காவலர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இது ஐந்தாவது வாரம். எங்கள் ஊர் ஐன் சர்தூனின் நாடகக் குழுவைக் கலைத்து ஆறு வருடமாகிறது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மறுபடி மேடை கொடுத்தது போலீஸ் என்று சொன்னால் பழைய கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேடை என்ன பெரிய மேடை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கொடி. மேசைக்குப் பின்னால் ஒரு பயிற்சிக் காவலர். நான் புகார் கொடுக்க வந்தவள். லெப்டினன்ட் ஷெட்லியா ஓரமாக உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டே இருப்பாள். தாளில் பதினொரு கேள்வி: எழுந்து நின்றாரா, தன் பெயரைச் சொன்னாரா, உட்காரச் சொன்னாரா, குறுக்கே பேசாமல் கேட்டாரா, கைபேசியைப் பார்த்தாரா... இப்படி.

"எங்க காலத்துல ஆறு மாசம் அணிவகுப்பும் துப்பாக்கியும்தான் அக்கா. மேசைக்குப் பின்னாடி எப்படி உட்காரணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல," என்றாள் ஷெட்லியா, தேநீர் குடிக்கும்போது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அழுவதற்கு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மரியாதையையும் அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பிப்ரவரி 7

தம்பி நேஜியிடம் கைப்பைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுக் கீழே கடைக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 10, வெள்ளி

கமைஸ் என்று ஒருவன். இருபத்து நாலு வயது, அல்ஜீரிய எல்லைப் பக்கத்து மலைக் கிராமம், பெரிய காதுகள். இன்று நான் கணவனிடம் அடிவாங்கி வந்த பெண். மற்றவர்கள் எல்லோரும் "உட்காருங்கம்மா" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார்கள். இவன் மட்டும் எழுந்து வந்து, நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டாதபடி திருப்பிப் போட்டான். ஏன் என்று பிறகு கேட்டேன். "கதவு தெரியலைன்னா பயமா இருக்கும்ல அம்மா?" என்றான். இது ஷெட்லியாவின் தாளில் இல்லை. எங்கிருந்து எடுத்தான்?

இன்னொன்றும் தோன்றியது. போலீஸ்காரனை நாங்கள் இன்றுவரை 'ஹாக்கிம்' என்றுதான் சொல்கிறோம். ஆளுகிறவன். அரசன் மாதிரி. அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்த பையன் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் அவனுக்கு என்ன தோன்றும்? எதிரே நிற்கிற நேஜிக்கு என்ன தோன்றும்?

நேஜிக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியும். 2009இல் அவனுடைய பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசரைத் திருடிக்கொண்டு போனார்கள். புகார் கொடுக்கப் போனான். "நீயே வித்துட்டு நாடகம் ஆடுறியா?" என்று ஓர் அறை. நாலு மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எட்டு வருடமாக அவன் காவல் நிலையத் தெரு வழியாகப் போவதில்லை. ரொட்டிக் கடைக்குக்கூட மசூதியைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

பிப்ரவரி 15, புதன்

எங்கள் தெரு மப்ரூக்காவை லாரி இடித்துவிட்டது. விடியற்காலைப் பனிமூட்டத்தில், எங்கள் கடைக்கு எதிரிலேயே. பள்ளிக்கூட வாசலில் ரொட்டி சுட்டு விற்க, மாவுப் பாத்திரத்தோடு சாலையைக் கடந்திருக்கிறாள். லாரி நிற்கவே இல்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. நான் இறங்கி ஓடியபோது சாலையெல்லாம் மாவு. அந்த வலியிலும், "அக்கா, பாத்திரம் உருண்டு போச்சு, எடு" என்கிறாள்.

பிப்ரவரி 18

போலீஸ் கடை கடையாக விசாரித்தது. நேஜி, "நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது லப்லாபி சூப் கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, கொண்டைக்கடலையைப் பார்த்துச் சொன்னான்: "கல்குவாரி லாரி. நீலம். பின்னாடி இடது பக்கம் உள் டயர் மேல்ரப்பர் ஒட்டின பழைய டயர், வெளி டயர் புதுசு. ரெண்டும் ஒரே உயரம் இல்ல, அதனால வண்டி நொண்டும். அந்த நொண்டல் இந்த ஊர்ல ஒரு வண்டிக்குத்தான்."

"டேய், இதைப் போய்ச் சொல்லேன்டா!"

"யார்கிட்ட?"

குவாரிக்காரர்கள் அன்று ஒரு வண்டியும் வெளியே போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதைப் பொய் என்று சொல்ல ஊரில் ஒரே ஆள்தான் இருக்கிறான். அவன் கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 27, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா தெரியவில்லை.

ஷெட்லியா, "புதுசா ஏதாவது கொண்டுவாங்க அக்கா, கைப்பை எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள். நான் மப்ரூக்காவின் கதையை எடுத்துக்கொண்டேன். சாலையில் கொட்டின மாவு, நிற்காத நீல லாரி, உருண்டு போன பாத்திரம். நான் அதை நேரில் பார்த்த சாட்சி, சொல்லப் பயப்படுகிறவள். உண்மையைச் சொன்னால் நான் நேஜியாக நடித்தேன். தலையைக் குனிந்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

எதிரே கமைஸ். பொறுமை என்றால் அப்படிப் பொறுமை. நான் நிறுத்தினபோது அவனும் நிறுத்தினான். தண்ணீர் வைத்தான். எழுதினதை எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினான். பதினொன்றுக்குப் பதினொன்று. முழு மதிப்பெண் வாங்கியது இந்த அணியில் இவன் ஒருவன்தான். கடைசியில் பெரிய பதிவேட்டை எடுக்கப் போனவனை ஷெட்லியா நிறுத்தினாள். "பயிற்சிக் கதையைப் பெரிய பதிவேட்டுல ஏத்தவே கூடாது. அதுல வரிசை எண் ஓடும். பொய்ப் பதிவு ஒண்ணு ஏறினா உன் வேலை போயிடும், ஞாபகம் வெச்சுக்கோ." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி மதிப்பெண் பணியில் சேர்ந்த பிறகுதானாம். மூன்று மாதத்துக்குள் பள்ளியிலிருந்து யாராவது புகார்தாரர் வேடத்தில் நிலையத்துக்குப் போவார்கள். யார், எப்போது என்று சொல்ல மாட்டார்கள். நான் போகலாமா என்று ஆசையோடு கேட்டேன். "உங்க முகம் எல்லாருக்கும் தெரியுமே அக்கா!" என்று சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மப்ரூக்காவைப் பார்க்கப் போனேன். நான் என்ன செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 10

பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்தது. கமைஸை எங்கள் ஊர் நிலையத்திலேயே போட்டிருக்கிறார்கள்! என்னைப் பார்த்து விறைப்பாக சல்யூட் வைத்தான், காதெல்லாம் சிவந்து.

மார்ச் 24, வெள்ளி

மப்ரூக்காவின் மகள் வஹீதா வந்தாள். ஏப்ரல் கடைசிக்குள் சாட்சி யாரும் வராவிட்டால் விசாரணையை மூடிவிடுவார்களாம். ஓட்டுநர் யார் என்றே தெரியாமல் போய்விடும். "அம்மா தினமும் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து லாரி லாரியா பார்க்கிறாங்க அத்தை. எது இடிச்சதுன்னு தெரிஞ்சா போதுமாம்."

நேஜி உள்ளே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். ஓட்டையே இல்லாத டியூபை அத்தனை நேரம் யாராவது அமுக்குவார்களா?

மார்ச் 30

சண்டை. பெரிய சண்டை.

"அவங்க மாறிட்டாங்கடா. நான் என் கண்ணால பார்க்கிறேன்."

"நீ பார்க்கிறது வகுப்பு. நான் பார்த்தது சுவரு."

"கமைஸ்னு ஒரு பையன் இருக்கான். அவன்கிட்ட மட்டும் பேசு. நான் கூட வர்றேன். உனக்கு ஒரு அவமானம் வராது, நான் பொறுப்பு."

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். சின்ன வயதில் ஆற்றைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் பார்ப்பான். "சரி, செவ்வாய்க்கிழமை," என்றான்.

சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுக்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்? ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டது தெரியும். அவ்வளவுதானே?

ஏப்ரல் 4, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை, அத்தனை சந்தோஷம்.

நேஜி சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்கு வைத்திருக்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். நிலையத்தின் படியில் ஒரு நிமிடம் நின்றான். ஏறினான்.

மேசையில் கமைஸ். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு நேஜியை. ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ ஓடியது. பையன் பதறுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உடனே எழுந்து நின்றான். "வணக்கம் ஐயா. என் பேர் கமைஸ். உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பினான்! என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நேஜி பேசினான். நிறுத்தினான். கமைஸ் காத்திருந்தான். எழுதினான். படித்துக் காட்டினான். முக்கால் மணி நேரம். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

வெளியே வந்ததும் நேஜி சொன்னது: "என்னை நேஜி ஐயான்னு கூப்பிட்டான் அக்கா." அதையே மூன்று தடவை சொன்னான். வழியில் ரொட்டிக் கடைக்கு அந்தத் தெரு வழியாகவே நடந்தான்.

ஆக, சொல்லிக்கொடுக்க முடியும்! பதினொரு கேள்வித் தாளைக் கிண்டல் செய்தவள் நான். ஷெட்லியாவுக்குப் பலகாரம் செய்து கொண்டுபோக வேண்டும்.

ஏப்ரல் 5

கடையிலிருந்து பாட்டுச் சத்தம். என் தம்பிக்குப் பாடத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது. சுருதிதான் ஒத்துழைக்கவில்லை.

ஏப்ரல் 19, புதன்

வஹீதா மூச்சிரைக்க வந்தாள். விசாரணை அதிகாரியைப் பார்த்துவிட்டு வருகிறாள். சாட்சி வாக்குமூலம் எதுவும் இல்லையாம். நாலாம் தேதிப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்களாம். ஒரு திருட்டு, ஒரு வேலித் தகராறு. நேஜி பெயர் இல்லை.

"மாமா போனாங்கன்னு சொன்னீங்களே அத்தை?"

போனானே. நான் பார்த்தேனே. எழுதினானே!

நேஜியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை முதலில் நான் போகிறேன்.

ஏப்ரல் 20, வியாழன்

என்னைக் கண்டதும் கமைஸ் எழுந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"மார்க் வந்துடுச்சாம்மா?"

எனக்குப் புரியவில்லை. எந்த மார்க்?

"அன்னைக்கு ஒரு ஐயாவை நடிக்கக் கூட்டிட்டு வந்தீங்களே. நல்லா நடிச்சாரும்மா. கை நடுங்கினதுகூட அப்படியே நிஜம் மாதிரி."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளியில் நான் சொன்ன அதே கதை. மாவு, நீல லாரி, தலையைக் குனிந்து நிறுத்தி நிறுத்திப் பேசுகிற சாட்சி. கூடவே நான். இதுதான் அந்தக் கடைசித் தேர்வு என்று பையன் நினைத்துவிட்டான். முகம் தெரியும் என்பதால் என்னை வெளியே உட்கார வைத்து, ஆளை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பயிற்சிக் கதையைப் பெரிய பதிவேட்டில் ஏற்றக் கூடாதே! எழுதின தாளை மடித்து, தேர்வுத் தாள் என்று மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தான். எடுத்துக் காட்டினான். அழகான கையெழுத்து.

"அவன் என் தம்பி," என்றேன். "நடிக்கல."

சிரிப்பு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அந்தப் பெரிய காதுகள் முதலில் வெளுத்தன. "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானேம்மா செஞ்சேன்... எல்லாத்தையும்..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அவனைத் திட்டத்தான் போனேன். எப்படித் திட்டுவது? மப்ரூக்காவின் காலை எடுத்து வகுப்பில் வேடம் கட்டியது யார்? நான்தானே. என் நடிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே. நேஜியின் குனிந்த தலையைக்கூட விட்டுவைக்கவில்லையே நான்!

மாலை

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வகுப்பில் அவனை நடித்துக் காட்டியதையும்.

நேஜி கத்துவான் என்று நினைத்தேன். கையிலிருந்த லீவரைத் துடைத்து ஆணியில் மாட்டினான்.

"அப்போ அந்த 'நேஜி ஐயா'?"

நான் ஆணியில் ஆடிய லீவரைப் பார்த்தேன்.

"தண்ணி? நாற்காலி? காது கொடுத்துக் கேட்டது?"

"டேய்..."

"அறைஞ்சவன் நிஜமா அறைஞ்சான் அக்கா. அது நடிப்பில்ல." ஷட்டரை இழுத்துவிட்டுப் படியேறிப் போனான்.

எனக்கு ஆறவே இல்லை. நான் பொறுப்புன்னு சொன்னேனே, நான் பொறுப்புன்னு சொன்னேனே. என்னத்தைப் பொறுத்தேன்?

ஏப்ரல் 22

நேஜி சாப்பாட்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போகிறான். ரொட்டிக்கு மசூதியைச் சுற்றிப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

ஏப்ரல் 24, திங்கள்

பள்ளிக்குப் போனேன், நடிக்க அல்ல. ஷெட்லியா முழுவதும் கேட்டாள். தாளை எடுத்துப் பார்த்தாள், பதில் அங்கே இருப்பது போல.

"விதிப்படி அவன் தப்பு எதுவும் செய்யல அக்கா. அதான் தலைவலியே."

"இதுக்கு உங்ககிட்ட பயிற்சி இல்லையா?"

"எதுக்கு?"

"தப்புப் பண்ணிட்டு ஒருத்தன் முன்னாடி போய் நிக்கறதுக்கு."

இல்லை என்று தலையாட்டினாள். நிலையத் தலைவரிடம் பேசுகிறேன் என்றாள். நேஜிக்கு அழைப்பாணை அனுப்பச் சொல்லவா என்று கேட்டாள். அழைப்பாணையா! அதைக் கண்டால் அவன் மலைக்கே ஏறிவிடுவான். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 26, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், நாளைக்குக் கலந்துபோகும்.

காலை பத்து மணி. கமைஸ் வந்தான். சீருடையில், நடந்து, ஒற்றை ஆளாக. சீருடை கடை வாசலில் நின்றால் என்ன ஆகும்? எதிர்க் காப்பிக் கடையில் எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நேஜியைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்றே ஊர் நினைத்தது. நான் படியில் நின்றேன், இறங்கவில்லை.

நேஜி ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிராக்டர் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். கழற்றினான். டியூபை எடுத்தான். காற்றடித்தான். தண்ணீரில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கமைஸ் நின்றான். வெயில் ஏறியது. காப்பிக் கடை ஸ்லா, "ஹாக்கிம், நாற்காலி வேணுமா?" என்று நக்கலாகக் குரல் கொடுத்தார். சிரித்தார்கள். கமைஸ் வேண்டாம் என்று தலையாட்டினான், அதுவும் சரியாக வரவில்லை.

ஒட்டுப் போட்டு முடித்ததும் நேஜி கேட்டான், திரும்பாமலே: "இன்னைக்கு என்ன வேஷம்?"

"வேஷம் இல்ல."

"போ. மார்க் போட்டாச்சு. பதினொண்ணுக்குப் பதினொண்ணு."

கமைஸின் அழகான பயிற்சி வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு காப்பிக் கடைக்கே கேட்கிற குரலில், மலைக் கிராமத்துப் பேச்சில் கொட்டினான்: "நீங்க பயந்து பயந்து சொன்னீங்க. நான் உங்களைப் பார்க்கவே இல்ல. மார்க்கைத்தான் பார்த்தேன். தப்பு என்னுது. அதான் வந்தேன். ஆளுங்க முன்னாடியே சொல்லணும்னு வந்தேன்."

காப்பிக் கடையில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் சீருடை மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, நேஜிக்கும் தெரியவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்ன வேணும் உனக்கு?"

"நீங்க பார்த்தது வேணும். மறுபடியும்."

நேஜி காலால் ஒரு காலி எண்ணெய் டின்னை அவன் பக்கம் தள்ளினான். தான் டயர் மேல் உட்கார்ந்தான்.

எனக்குள் இருக்கிற பழைய நாடகக்காரி ஒரு பக்கம் மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தாள், வெட்கமாக இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. குறுக்கே பேசினான், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. "அன்னைக்குப் பனிமூட்டமாச்சே, நீலம்னு எப்படித் தெரிஞ்சுது?" "எத்தனை அடி தூரம்?" "கடை விளக்கு எரிஞ்சுதா?" "டயரைப் பார்த்தீங்களா, இல்ல சத்தத்தைக் கேட்டீங்களா? ரெண்டுல எது?" நேஜிக்குக் கோபம் வந்தது. "நான் பொய் சொல்றேங்கிறியா?"

"குவாரிக்காரன் வக்கீல் இதைத்தான் கேட்பான். அப்போ நீங்க திணறக் கூடாது. எதுன்னு சொல்லுங்க."

நேஜி யோசித்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "சத்தம் முதல்ல. வண்டி விளக்கு வெளிச்சம் என் ஷட்டர்ல பட்டுச்சு, அப்போதான் நீலம். டயரை அது திரும்பும்போது பார்த்தேன், பதினஞ்சு அடி." எழுந்து போய், அந்த இடத்தில் நின்று, அடி வைத்து அளந்து காட்டினான். பதினாறு. கமைஸ் பதினைந்தை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது.

"போன தடவை நீ இதுல ஒண்ணும் கேட்கலையே," என்றான் நேஜி.

"போன தடவை இது நடந்ததுன்னே நான் நம்பல."

நேஜி கையெழுத்துப் போட்டான். கமைஸ் நிலையத்துக்கு நடந்து போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து பதிவேட்டு எண்ணைத் துண்டுத் தாளில் கொடுத்தான். நேஜி வாங்கிப் பார்த்து, "எனக்கு எதுக்கு? மப்ரூக்காகிட்ட கொடு," என்றான்.

ஏப்ரல் 27

ராத்திரி சாப்பிட மேலே வந்தான். என்னிடம் ஒரே கேள்வி: "என்னை நடிச்சியே, எப்படி நடிச்சே? காட்டு." மாட்டேன் என்றேன். இனி எப்போதும் மாட்டேன் என்றேன். "தலையை அவ்வளவு குனிஞ்சா பேசறேன் நான்?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மன்னித்தானா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 4

ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். குவாரியில் அந்த லாரியின் டயரை மாற்றிவிட்டார்களாம். மப்ரூக்கா ஜன்னலிலிருந்து எழுந்து படுக்கைக்குப் போய்விட்டாள். நன்றாகத் தூங்கினாள் என்று வஹீதா சொன்னாள். அவளிடம் போய், வகுப்பில் நான் செய்ததைச் சொன்னேன். "நல்லா அழுதியா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

பள்ளியில் தாளில் பன்னிரண்டாவது கேள்வி சேர்க்கலாமா என்று ஷெட்லியா யோசிக்கிறாள். என்ன எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்ததுதான் மிச்சம்.

மே 12, வெள்ளி

காப்பிக் கடை ஸ்லா படியேறி வந்தார். இந்த வயிறோடு அவர் மாடிப்படி ஏறினால் விஷயம் பெரிது.

"தலெந்தா, உன் தம்பி ஸ்டேஷன்ல சத்தம் போடறான். தெரு வரைக்கும் கேட்குது."

நேஜியா? அங்கேயா? எனக்குத் தெரியவே தெரியாது. டயர் மாற்றியது பற்றி இன்னொரு வாக்குமூலம் கொடுக்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தனியாகப் போயிருக்கிறான். கமைஸுக்கு இன்று விடுமுறை. மேசையில் வேறு யாரோ. நான் செருப்பைத் தேடுவதற்குள் அவனே வந்துவிட்டான். தினமும் போடுகிற எண்ணெய்க் கறைச் சட்டை. முகம் சிவந்திருந்தது, கன்னம் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"என்னடா ஆச்சு?"

"ஒரு மணி நேரம் உட்கார வெச்சுட்டான் அக்கா! உள்ளே சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், நான் வெளியே உட்கார்ந்திருக்கேன். ஏன்யா, எனக்குக் கடை இல்லையா, உனக்கு மட்டும்தான் வேலையான்னு கேட்டேன். நல்லாக் கேட்டேன். மேசையைத் தட்டிக் கேட்டேன்."

"தட்டினியா? அவன் என்ன சொன்னான்?"

"அவனும் கத்தினான். கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னான். நான் பேனா வேலை செய்யுமான்னு கேட்டேன்." தட்டை இழுத்து வைத்து ரொட்டியைப் பிய்த்தான். "ஹரிஸ்ஸா எங்கே?"

மிளகாய் விழுதுக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"எழுதிக்கிட்டானா இல்லையா?"

"பாதிதான் எழுதினான். மீதிக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கான்," என்றான் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "வரட்டும் திங்கட்கிழமை. இன்னும் கேட்க வேண்டியது இருக்கு."